ப்ரிட்டோ ஹவுஸும் கிழவன் சேதுபதியும்

டிசம்பர் காலாண்டுக் கணக்கை முடித்துவிட்டு கொஞ்சம் மூச்சு விடலாம் என்று இருந்த ஒரு ஜனவரி சாயங்காலம். ஹோப் ஃபார்ம் சிக்னலில் வழக்கம்போல முக்கால் மணி நேரம் தவம் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஏழாவது படிக்கும் மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ப்ரிட்டோ யாருன்னு தெரியுமா?"

"எந்த ப்ரிட்டோ? பிஸ்கட்டா?"

முறைத்தாள். "எங்க ஹவுஸ்ப்பா! பிப்ரவரி 4 எங்க ஹவுஸ் ஃபீஸ்ட். அசெம்பிளில நான் மூணு நிமிஷம் பேசணும்."

வைட்ஃபீல்டில் அவள் படிப்பது ஒரு கத்தோலிக்கப் பள்ளி. நாலு ஹவுஸ். லொயோலா, சேவியர், ப்ரிட்டோ, கொன்சாகா. ஒண்ணாம் வகுப்பில் சேர்த்த அன்றே வருகைப் பதிவேட்டு வரிசையில் ஒன்று, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணிப் பிரித்துவிட்டார்கள். (ஹாரி பாட்டர் தொப்பியெல்லாம் கிடையாது. மகளுக்கு அதில் இன்றுவரை வருத்தம்.) ஏழு வருஷமாக அவளைப் பொறுத்தவரை ப்ரிட்டோ என்றால் சிவப்பு டீ-ஷர்ட். ஸ்போர்ட்ஸ் டே அன்று தொண்டை கிழியக் கத்த வேண்டிய ஒரு பெயர். அவ்வளவுதான். எனக்கும் அது வருஷா வருஷம் வாங்க வேண்டிய ஒரு டீ-ஷர்ட்டாகத்தான் இருந்தது.

டீச்சர் கொடுத்த தாளை நீட்டினாள். மேலே ஒரு படம். கறுப்பு அங்கி போட்ட வெள்ளைக்காரர், கையில் சிலுவை. கீழே 1647-1693. பிறந்தது லிஸ்பன். இறந்தது...

"ஒரியர்" என்று படித்தாள்.

வாங்கிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. அது ஒரியர் இல்லை, ஓரியூர்! ப்ரிட்டோவும் இல்லை, பிரித்தோ. எங்கள் பக்கத்து அருளானந்தர்!

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எனக்கு ஊர் திருவாடானைப் பக்கம். நாங்கள் கும்பிடுவது கருப்பரை. ஆனாலும் என் அப்பத்தா வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஓரியூருக்குப் போய் வருவாள். அங்கே ஒரு இடத்தில் மண் சிவப்பாக இருக்கும். அருளானந்தர் ரத்தம் சிந்திய இடம், அதனால்தான் சிவப்பு என்று சனங்கள் நம்புகிறார்கள். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வந்து வீட்டில் வைத்திருப்பாள். எங்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் நெற்றியில் அந்த மண்ணும் திருநீறும் சேர்ந்தே ஏறும். என் சித்தப்பா பையன்கள் படித்தது தேவகோட்டை தே பிரித்தோ மேல்நிலைப் பள்ளியில். அருளானந்து என்ற பெயரில் ஊருக்கு ரெண்டு பேராவது இருப்பார்கள். இத்தனையும் தெரிந்தவன் ஏழு வருஷம் டீ-ஷர்ட்டுக்குக் காசு கொடுத்துக்கொண்டு, அதே ஆள்தான் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். ஒரு எழுத்து மாறினால் இப்படியா ஆகும்! தங்கமணி சிரித்த சிரிப்பை இங்கே எழுத வேண்டாம்.

சரி, உரையைத் தயார் செய்வோம் என்று உட்கார்ந்தோம். மகளின் முதல் கேள்வியே வில்லங்கம். "ஸ்கூல்ல எதுக்குப்பா ஹவுஸ்? நாங்கதான் அங்க குடியிருக்கலையே?"

நியாயமான கேள்வி. இந்த ஹவுஸ் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே ஈட்டன், ரக்பி, ஹாரோ போன்ற உண்டு உறைவிடப் பள்ளிகளில் பையன்கள் நிஜமாகவே வெவ்வேறு வீடுகளில் தங்கியிருந்தார்கள். ஆரம்பத்தில் அவை ஊர்க்காரப் பெண்மணிகள் நடத்திய விடுதிகள் மாதிரி. பிறகு ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் ஒரு வீடு என்று ஆயிற்று. ரக்பியில் 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு, அந்த வீடுகளையும் மூத்த மாணவர்களையும் வைத்தே பள்ளியின் ஒழுங்கைக் கட்டினார். பிற்காலத்தில், யாரும் தங்காத பகல் பள்ளிகளும் இதைக் காப்பியடித்தன. வீடு போய்விட்டது, ஹவுஸ் மட்டும் நின்றுவிட்டது.

இந்தக் கதை பெங்களூருக்கு வந்த வழி சுவாரஸ்யமானது. ஆர்னால்டின் கீழ் ரக்பியில் வேலை பார்த்த இளம் ஆசிரியர் ஜார்ஜ் காட்டன். 1857ல் வந்த டாம் பிரவுன் நாவலில் வரும் இளம் ஆசிரியருக்கு இவர்தான் மாதிரி என்பார்கள். 1852ல் மார்ல்பரோ பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போனார். அதற்கு முந்தைய வருஷம்தான் அங்கே பையன்கள் கலகம் செய்து பள்ளியையே ரெண்டு படுத்தியிருந்தார்கள். அடங்காத அந்தக் கூட்டத்தை வழிக்குக் கொண்டுவர காட்டன் கையில் எடுத்தது, முறைப்படுத்தப்பட்ட விளையாட்டு. 1858ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப்பாக இந்தியா வந்தார். இங்கே ஐரோப்பிய, யுரேஷியப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வேண்டும் என்று பாடுபட்டார். சிம்லாவிலும் பெங்களூரிலும் அவர் பெயரிலேயே பள்ளிகள் இருக்கின்றன. பெங்களூர் பிஷப் காட்டன் தொடங்கியது 1865ல்.

அந்தப் பள்ளியில் ஒரு ஹவுஸின் பெயர் 'போப்'. ரோமாபுரி போப் இல்லீங்க, நம்ம ஜி.யு.போப்! திருக்குறளை 1886லும் திருவாசகத்தை 1900லும் ஆங்கிலத்தில் கொண்டுவந்த அதே போப்தான். 1870களில் அந்தப் பள்ளியின் பொறுப்பில் இருந்தவர். சென்னை மெரினாவில் சிலையாக நிற்பவர் இங்கே ரிலே ரேஸில் ஓடிக்கொண்டிருக்கிறார்.

நம்ம வைட்ஃபீல்டும் இதே காலத்துப் பயிர்தான். 1882ல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார், யுரேஷிய - ஆங்கிலோ இந்திய சங்கத்துக்கு 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தார், விவசாயம் செய்து பிழைத்துக்கொள்ளட்டும் என்று. சங்கத்தின் தலைவர் டி.எஸ்.ஒயிட். அவர் பெயர்தான் ஊருக்கு. நாம் வாக்கிங் போகும் இன்னர் சர்க்கிளும் அவுட்டர் சர்க்கிளும் அந்தக் குடியேற்றத்தின் மிச்சம். ஐ.டி.பி.எல். வந்து, மெட்ரோவும் வந்த பிறகு அங்கே ஓடு வேய்ந்த பழைய வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஹவுஸ் என்பது இங்கிலாந்தின் புராட்டஸ்டண்ட் பள்ளிகள் வளர்த்த ஏற்பாடு. அதில் கத்தோலிக்கப் புனிதர்கள் எப்படிக் குடியேறினார்கள்?

போட்டி வைத்துப் படிக்க வைப்பது கத்தோலிக்கர்களுக்குப் புதிதில்லை. சேசு சபையின் பள்ளிகள் எப்படி நடக்க வேண்டும் என்று 1599லேயே ஒரு சட்டதிட்டம் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு போட்டியாளன் உண்டு. இவன் தப்பாகச் சொன்னால் அவன் திருத்த வேண்டும். வகுப்பையே ரெண்டு பாசறையாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு ரோமர், மறு பக்கத்துக்குக் கார்த்தேஜியர் என்று பெயர் வைத்து லத்தீன் இலக்கணத்தில் மோத விடுவதும் அவர்கள் பள்ளிகளின் பழக்கம். ஆனால் அது வகுப்புக்குள் நடந்த போர். ஐந்தாவது படிக்கும் பையனும் பத்தாவது படிக்கும் பையனும் ஒரே கொடியின் கீழ் நிற்கும் ஏற்பாடு ஆங்கிலேயர் பாணி. இங்கே அக்கம்பக்கத்துப் பள்ளிகளெல்லாம் ஹவுஸ் வைத்து ஓடும்போது கத்தோலிக்கப் பள்ளிகளும் எடுத்துக்கொண்டன. ஆங்கிலிக்கன்காரர்கள் தங்கள் பழைய தலைமையாசிரியர்கள் பெயரை வைத்தார்கள். கத்தோலிக்கர்களுக்கு அந்தத் தொந்தரவே இல்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஒரு புனிதர் பெயர், ஊர்க் கோயிலுக்கு ஒரு பாதுகாவலர் என்று அவர்களிடம் கைவசம் ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது. ஹவுஸுக்கும் ஒரு பாதுகாவலர், அவ்வளவுதான். திருநாள், படம், ஜெபம் எல்லாம் கூடவே வந்துவிடும்.

மகளுக்கு இதை விளக்க நான் கண்டுபிடித்த வழி, எங்கள் ஊர்த் திருவிழா. "நம்ம ஊர்ல கரை இருக்குல்ல பாப்பா? இந்த வருஷம் கிடா வெட்டறது எந்தக் கரை, பொங்கப் பானை யாருக்கு முதல்லன்னு சண்டை வருமே. அதுதான் ஹவுஸ்." உடனே புரிந்துவிட்டது.

மற்ற மூன்று பேரைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். லொயோலா இஞ்ஞாசியார் ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521ல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டடிபட்டுக் கால் உடைந்து படுத்தபோது மனம் மாறியவர். சேசு சபைக்கு 1540ல் அங்கீகாரம் வாங்கினார். இந்தியாவுக்கு வந்ததில்லை. சேவியர் என்ற சவேரியார் 1542ல் கோவாவில் இறங்கி, அதே வருஷம் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். தூத்துக்குடி, மணப்பாடு ஆட்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது! 1552 டிசம்பர் 3ல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். கொன்சாகா இத்தாலியில் ஒரு சிற்றரசின் வாரிசு. பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ரோமில் கொள்ளைநோய்க்காரர்களுக்குப் பணிவிடை செய்து, நோய் தொற்றி 1591ல் 23 வயதில் இறந்துபோனார். மாணவர்களின் பாதுகாவலர். அவருக்கு ஒரு ஹவுஸ் என்பது பொருத்தம்தான்.

இனி நம்ம ஆள். ஜான் டி பிரிட்டோ 1647 மார்ச் 1ல் லிஸ்பனில் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். அரண்மனையில் இளவரசர் பெட்ரோவுக்கு விளையாட்டுத் தோழன். சின்ன வயதில் கடுமையாக நோய் வந்தபோது அவர் அம்மா சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்ததும் ஒரு வருஷம் பையனுக்குச் சேசு சபை அங்கியைப் போட்டுவிட்டார்களாம். (பழனிக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்குக் காவி கட்டிவிடும் நமக்கு இது புரியாதா என்ன?) 1662ல் சபையில் சேர்ந்து, 1673ல் கப்பலேறி, அடுத்த வருஷம் மதுரை மிஷனுக்கு வந்தார்.

மதுரை மிஷன் என்றால் 1606ல் ராபர்ட் டி நோபிலி வந்ததில் தொடங்கும் கதை. ஐரோப்பியரைப் போல உடுத்தி, உண்டு வாழ்ந்தால் பரங்கி என்று ஒதுக்குகிறார்கள், ஆகவே இந்த நாட்டுத் துறவிகள் போலவே வாழ்வோம் என்பது அவர் வழி. நோபிலி பிராமண சந்நியாசி கோலத்தில் இருந்தார். பிற சாதிகளிடையே வேலை செய்ய 'பண்டார சாமி' என்று ஒரு பிரிவு பிறகு வந்தது. பிரிட்டோ பண்டார சாமி. காவி வேட்டி, தலைப்பாகை, கையில் கோல், காய்கறிச் சாப்பாடு. பெயர் அருளானந்தர். சாதி வித்தியாசங்களை அந்த மிஷன் ஒழித்துவிடவில்லை, அதற்கு வளைந்துகொடுத்துத்தான் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தக் காவிதான் பின்னால் பெரிய வழக்கானது. இந்தப் பழக்கங்களெல்லாம் கிறிஸ்தவமா, இந்து சமயச் சடங்கா என்று சபைகளுக்குள் சண்டை. 1704ல் போப்பாண்டவரின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் வைத்து பல வழக்கங்களுக்குத் தடை போட்டார். 1744ல் ரோமிலிருந்தே ஆணை வந்தது. இங்கே வரும் குருக்கள் அதற்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்ற விதி 1940ல்தான் நீங்கியது. நடுவில் 1773ல் சேசு சபையையே கலைத்து, 1814ல்தான் திரும்ப அனுமதித்தார்கள். இத்தனைக்கும் நடுவே பிரிட்டோவின் ஃபைல் நகருமா? 1853ல் முதல் படியான அருளாளர் பட்டம், 1947 ஜூன் 22ல் புனிதர் பட்டம். நாடு விடுதலை அடைய ரெண்டு மாதம் கூட இல்லை. லொயோலாவும் சவேரியாரும் 1622ல் ஒரே நாளில் பட்டம் வாங்கியவர்கள். இவர் இறந்த பின் காத்திருந்தது 254 வருஷம்! எங்கள் பேங்க்கில் பென்ஷன் ஃபைல்கூட இவ்வளவு காலம் தூங்கியதில்லை.

அப்படிப்பட்ட காவிக்காரருக்கு மகளின் தாளில் கறுப்பு அங்கியை மாட்டி வைத்திருந்தார்கள். "நாம சார்ட்ல காவில வரைஞ்சிடுவோம்ப்பா" என்றாள். அதுவரை எல்லாம் சுமுகம்.

அடுத்த வரி: 'அவரைக் கொன்றது கொடுங்கோல் மன்னன்.' இது அந்தத் தாளில் இருந்தது. மன்னனுக்குப் பெயர்கூட இல்லை. மகள் அதை அப்படியே ஊரில் இருக்கும் அவள் ஐயாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, போனில் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஆத்தா, அந்த மன்னன் யாருன்னு ஒங்கப்பன் சொல்லலையா?"

அது ரகுநாத கிழவன் சேதுபதி. என் அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எஸ்.எம்.கமால் எழுதிய சேதுபதி மன்னர் வரலாறு அவர் அலமாரியில் ராமாயணத்துக்குப் பக்கத்தில் இருக்கும். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டியவர், மதுரை நாயக்கர் பிடியிலிருந்து சேது நாட்டைத் தனியரசாக ஆக்கியவர், புதுக்கோட்டையில் தொண்டைமானை அமர்த்தியவர் என்று கிழவன் சேதுபதி புராணம் கேட்டு வளர்ந்தவன் நான். கீழக்கரை சீதக்காதி, செத்தும் கொடுத்த அதே வள்ளல், இந்த மன்னருக்கு நெருங்கியவர். முஸ்லிம் வணிகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டவரை மதவெறியர் என்று சட்டென்று முத்திரை குத்த முடியாது.

அப்பா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "அந்தச் சாமியாரைக் கொன்னது தப்புன்னு சொல்லட்டும், வேணாங்கல. ஒங்க அப்பத்தா அங்க போயி கும்பிட்டவதான். ஆனா எங்க ராசாவைப் பேரு கூட இல்லாத கொடுங்கோலன்னு எம் பேத்தி நாலு பேரு முன்னால பேசிட்டு வரக் கூடாது."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வரவு இருந்தால் எங்கோ ஒரு பற்று இருக்கும் என்பதுதான். ரெண்டு லெட்ஜரையும் எடுத்து வைத்துப் பார்த்தேன்.

1686ல் பிரிட்டோவை மறவர் சீமையில் பிடித்து, அடித்துத் துன்புறுத்தி, ராமநாதபுரம் கொண்டு போகிறார்கள். அங்கே அவரை விசாரித்து விடுதலை செய்தது இதே சேதுபதிதான். என் நாட்டில் இனிப் பிரசங்கம் செய்யாதே என்ற நிபந்தனையோடு. பிறகு பிரிட்டோ சபை வேலையாக ஐரோப்பா போகிறார். பழைய விளையாட்டுத் தோழன் பெட்ரோ இப்போது போர்ச்சுகல் அரசர். இங்கேயே இருந்துவிடு என்கிறார். பிரிட்டோ கேட்கவில்லை. 1690ல் திரும்பி வந்து, தடை இருந்த அதே மறவர் சீமைக்குள் மறுபடி நுழைகிறார்.

வினை தடியத் தேவர் வழியாக வந்தது. அரச குடும்பத்தவர், பட்டத்துக்கு உரிமை கொண்டாடக் கூடியவர். நோயிலிருந்து பிழைத்ததும் ஞானஸ்நானம் பெற விரும்பினார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும் என்பது பிரிட்டோவின் விதி. அப்படி விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதிக்கு நெருங்கிய உறவு. அந்தப் பெண் அரண்மனைக்குப் போய் முறையிட்டார். போட்டியாளன் ஒருவன் வெளிநாட்டுத் தொடர்புள்ள சாமியார் பின்னால் போகிறான், தன் வீட்டுப் பெண் வாழாவெட்டியாகத் திரும்பி வருகிறாள் என்றால் அன்றைய அரசர் யாராக இருந்தாலும் சும்மா இருந்திருப்பாரா? 1693 ஜனவரியில் பிரிட்டோ கைதானார். வெளியே நாடுகடத்தல் என்று சொல்லி, ஓரியூரில் இருந்த தம்பி உடையத் தேவரிடம் அனுப்பி ரகசியமாகக் கொல்லச் சொன்னார் மன்னர் என்று மிஷன் கடிதங்கள் சொல்கின்றன. பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன். பாம்பாற்றங்கரையில் தலையை வெட்டினார்கள். சிறையிலிருந்து அவர் சகக் குருவுக்குக் கரியால் எழுதிய கடைசிக் கடிதம் ஐரோப்பா வரை போனது. விலக்கப்பட்ட அந்தப் பெண் என்ன ஆனார் என்று தேடினேன். ரெண்டு லெட்ஜரிலும் அதற்கு மேல் பதிவு இல்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், கொலை கொலைதான். நிபந்தனையை மீறினார் என்பதற்காகத் தலையை வாங்குவது நீதி ஆகாது. ஆனால் 1686ல் விட்டதையும் எழுதாமல் 1693ல் வெட்டியதை மட்டும் எழுதுவது சரியான கணக்கு இல்லை. மகளிடம் இதைத்தான் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அப்போ ரெண்டு தடவையும் அவருக்கு சாய்ஸ் இருந்துச்சுல்லப்பா? ராஜாவுக்கும் இருந்துச்சு" என்றாள். அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

உரையைப் பார்த்த டீச்சர் மனைவிகள் பற்றிய வரியை மட்டும் அடித்துவிட்டார். "சின்னப் பசங்க இருப்பாங்க." சரிதான். கிழவன் சேதுபதியின் பெயரைத் தொடவில்லை. காவிப் படத்தைத் தலைமை சிஸ்டர் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கறுப்பு அங்கியை எடுத்துவிட்டு அதையே போர்டில் மாட்டச் சொன்னாராம்.

பிப்ரவரி 4 சாயங்காலம் ஊரிலிருந்து போன். நான் எடுக்கும் முன் அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோட்டை கட்டினதைச் சொன்னியா ஆத்தா?"

"சொன்னேன் ஐயா. அதனாலதான் மூணு நிமிஷம் தாண்டிருச்சு. மிஸ் பெல் அடிச்சாங்க."

"அடிக்கட்டும். மே மாசம் வா. ஓரியூருக்குப் போயிட்டு அப்படியே அரமனையையும் பார்த்துட்டு வருவோம்."

"அந்த ரெட் மண் கொஞ்சம் எடுத்துட்டு வரலாமா ஐயா? ஹவுஸ் போர்டுல ஒட்டணும்."

அப்பா யோசித்தார். "நெத்தியில வைக்கிற மண்ணும்மா அது" என்றார். பிறகு, "சரி, ஒரு சின்ன டப்பாவா எடுத்துட்டு வா" என்றார்.